தும்மல் ஒழிந்தது, அத்தையை அனுப்பி வைக்கவும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், வீடு, வீட்டுக்குள் ஓடும் காற்று, மூவரும் சுகம். அங்கே நீயும், பத்து நாளாய் உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அத்தையும் சுகம்தானே?

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வீட்டுல இருந்தா தும்மியே செத்துருவேன், நான் அண்ணன் மகன் வீட்டுக்குப் போறேன்"னு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, அந்தத் தும்மலை வேரோடு பிடுங்கிவிட்டேன். இனி அவள் தாராளமாய்த் திரும்பி வரலாம். அவள் இங்கே இருந்தவரை தினமும் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, அறுந்து விழுந்த லிஃப்டை நான் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய கதையை ஆரம்பிப்பேன். லிஃப்ட் ஐந்தாம் மாடி தாண்டுவதற்குள் உன் அத்தை ஒன்பது தும்மல் போட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அங்கே போனதும் நின்றுவிடும். உன் வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை என்று நீ போனில் சொன்னதும் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது: இந்த வீட்டு ஏசிக் குழாயில் தூசி! டாக்டருக்கே தோன்றாத யோசனை.

ஏசிக் காற்று வரும் தகரக் குழாய்களைச் சுத்தம் செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். யானைத் துதிக்கை மாதிரி ஒரு உறிஞ்சு குழாய். அறைக்கு அறை காற்று வரும் வாய்களைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்துவிட்டு, சுழலும் பிரஷை உள்ளே விட்டார்கள். கை அவர்களுடையது, மூளை என்னுடையது. நாற்காலியில் உட்கார்ந்தபடி வழிநடத்தினேன்.

"அம்மா எப்பல்லாம் தும்முவாங்க சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நான் பேசுறப்பல்லாம்."

"மத்த நேரம்?"

"சேச்சே, ஒண்ணுகூட கிடையாது."

அவர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் பிரஷைப் பார்த்தார்கள். சும்மா இருப்பானேன் என்று லிஃப்ட் கதையை எடுத்தேன். நம்பமாட்டாய், லிஃப்ட் ஏழாம் மாடிக்கு வந்தபோது மேஸ்திரியே தும்மினார்! ஆறாம் மாடியில் ஆட்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்!

"பாத்தீங்களா, தூசி!" என்றேன்.

"பயங்கரத் தூசி சார். தாங்க முடியல," என்று ஒப்புக்கொண்டார். சாயங்காலம் முடிய வேண்டிய வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு ஓடினார்கள். என் மேற்பார்வையில் அப்படி ஒரு சுறுசுறுப்பு.

வெளியே வந்த தூசியில் மூன்று தலையணை தைக்கலாம். ஏழு என்றே வைத்துக்கொள். கட்டிலுக்கடியில் தரையோடு இருக்கும் காற்று வாயிலிருந்து என் கைக்கடிகாரமும் வந்தது. ஆமாம், ஆறு முரடர்கள் என்னை மடக்கிப் பறித்துப் போனார்களே, அதேதான். அதில் ஒருத்தன் மனசு கேட்காமல் வீடு தேடி வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் கொடுத்த அடி அப்படி.

ஒன்று மட்டும் சொல்கிறேன் மருமகனே. பத்து நாளாய்க் கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. சுவரிடம்கூடக் கதை சொல்லிப் பார்த்தேன். அது தும்மவுமில்லை, எழுந்து போகவுமில்லை. நல்லாவே இல்லைப்பா. அவளைச் சீக்கிரம் வண்டி ஏற்றி விடு.

அடைப்பில்லாத மூக்கோடு நீ நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
லிஃப்டை நிறுத்திய உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அத்தையைப் போனில் கூப்பிட்டு இதை முழுசாய்ப் படித்துக் காட்டினேன். லிஃப்டுக்கு ஒரு தும்மல். முரடர்களுக்கு நாலு. சுவர் வந்த இடத்தில் மட்டும் தும்மாமல், "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றாள். ஆக, தூசி இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறது. அவளை அனுப்ப வேண்டாம். மேஸ்திரியைக் கூப்பிட்டேன், அவருக்கு அடுத்த வருஷம் வரை நேரமில்லையாம். பரவாயில்லை, தொழில்தான் எனக்கு அத்துப்படியாயிற்றே. உறிஞ்சு குழாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தின் பின்னாலேயே நானே வருகிறேன். ஒரு மாதமாவது கூட இருந்து பேசிப் பார்த்தால்தான் தூசி எங்கே என்று பிடிபடும்.