மெலனிக்கு ஒரு பாஸ்

மனது மறந்தாலும் கை மறக்காது. இதை நான் ஊர் பார்க்க, கூடைப்பந்து மைதானத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

மட்டக்களப்பில் எங்கள் பெண்கள் கல்லூரி அணிக்கு ஒரே ஒரு உத்திதான் தெரியும்: பந்து கிடைத்தால் மெலனியிடம் கொடு. அவள் நெட்டை, குறியும் தவறாது. அவள் கூடைக்குள் போட்டதும் ஓடிப்போய் அவள் கையில் தட்டுவதுதான் மற்றவர்களுடைய வேலை. (அதை மிகத் திறமையாகச் செய்தோம்.)

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தலையில் இடி விழுந்தது. அடுத்து வரும் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எங்கள் கல்லூரியில் இல்லை. அதனால் மெலனி வாவிக்கு அக்கரையில் உள்ள கல்லூரிக்கு மாறிவிட்டாள். நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் தோற்கடித்து வந்த அதே கல்லூரி.

கோச் டீச்சர் என்னைத் தலைவியாக்கினார். மெலனியின் இடத்துக்குக் குருக்கள்மடத்துச் சுகந்தியைப் பிடித்தோம். உயரத்துக்குக் குறைவில்லை, பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். "கண்ணத் திற கா" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. (எங்கள் ஊரில் தோழியை 'கா' என்றுதான் கூப்பிடுவோம்.) மெலனி இல்லாமல் வென்று காட்டாவிட்டால் என் தலைமைக்கு என்ன மரியாதை? வீட்டில் வேறு வாய்ச்சவடால் அடித்து, அம்மா அப்பாவை ஆட்டம் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்.

அக்கரைக் கல்லூரியோடு மோதிய அந்த ஆட்டம் முடியும் தறுவாயிலும் புள்ளிகள் சமமாகவே இருந்தன. எதிரணி எறிந்த பந்து எங்கள் பக்கத்துக் கூடை வளையத்தில் பட்டுத் தெறித்து என் கைக்கு வந்தது. அப்போது பக்கத்தில் பழகிய குரல் கேட்டது.

"ரெஜி, இஞ்ச தா கா."

கொடுத்துவிட்டேன். மெலனி அலுங்காமல் வாங்கிக் கூடைக்குள் போட்டாள். அத்தோடு விட்டேனா? ஓடிப்போய் அவள் கையில் தட்டினேன். எங்கள் அணிப் பிள்ளைகள் தலையில் கைவைத்த பிறகுதான், அவள் போட்டிருந்த சட்டையின் நிறம் என் கண்ணில் பட்டது. விசிலும் ஊதிவிட்டார்கள்.

டீச்சர் ஏசவில்லை. "புள்ள, அவ மாறிப் போனது எனக்குத் தெரியும். நீயும் போனத ஆரும் சொல்லல்ல" என்றார்.

தண்ணீர்க் குழாயடியில் மெலனியை மடக்கினேன். "வெக்கமில்லையா கா? என்னட்டயா பந்து கேக்கிறாய்?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "வேற ஆரிட்டக் கேக்கிற? அங்க ஒருத்தியும் எனக்குத் தாறல்ல. நான் அவங்களுக்கு இன்னும் ஒங்கட ஆள்தான்."

தோற்றதைவிட இதுதான் எனக்கு வலித்தது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். (அதையும் அம்மா அப்பா பார்த்தார்கள்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், கையிலிருப்பதை அசலாருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு 'மெலனிக்குப் பாஸ்' என்று பெயர். பக்கத்து வீட்டுக்கு நாலு மாம்பழம் கொடுத்தாலும் அதே பேச்சு. என்னைக் கட்டியவரும் வந்த வேகத்தில் இதைப் பழகிக்கொண்டார்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு மெலனி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சட்டியிலிருந்த கடைசி இறாலை அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"பகிடி பண்ணாதீங்க அண்ணன். ரெஜி தந்த அந்தப் பாஸுக்குப் பிறகுதான் எங்கட ஆக்களும் எனக்குத் தரத் தொடங்கினாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதாலதானே அடுத்த முறையும் நாங்க இவங்கள வெண்டனாங்க" என்றாள்.

அதுவரை ஒரு தோல்விக்குத்தான் என்னைக் கேலி செய்தார்கள். இப்போது இரண்டுக்கு.