கடைசிப் பத்தி

எதிரெதிராக நிற்கும் இரண்டு பேருக்கும் தலையாட்டத் தெரிந்த பிள்ளை நான். எங்கள் ராஜபாளையம் வீட்டில் இதற்குப் பெயர் நல்ல குணம். சித்தி முறையான சாச்சி வந்து மாமியைக் குறை சொன்னால், "ஆமா சாச்சி." மாமி வந்து சாச்சியைக் குறை சொன்னால், "ஆமா மாமி." (பெருநாளைக்கு இரண்டு பக்கமிருந்தும் துணி வரும்.)

இந்தக் குணத்தோடுதான் தொண்ணூறுகளில், வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வு எழுத மெட்ராஸ் போனேன். பஞ்சு வியாபாரம் பார்த்த அத்தா சொல்லியிருந்தார்: தேறினால் ஆஸ்திரேலியா, இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை.

எழுத்துப் பகுதியில் முதலில் ஒரு வரைபடம். கோடு ஏறுகிறது, இறங்குகிறது என்று கண்ணால் கண்டதை எழுதிவிட்டேன். அடுத்தது கட்டுரை. பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்ய வேண்டியது பெற்றோரா, பிள்ளைகளா? இரு தரப்பையும் அலசி, உங்கள் கருத்தைக் கூறுக.

இரு தரப்பா? நமக்குக் கைவந்த கலையாயிற்றே. பெற்றோரை ஒரு பத்தி புகழ்ந்தேன். பிள்ளைகளுக்காக ஒரு பத்தி பரிந்து பேசினேன். யார் மனமும் நோகாமல் வரிகளைக்கூடச் சமமாகப் பங்கிட்டேன். கடைசியில் என் கருத்து வேண்டுமாம். திருத்தப் போகிறவர் வயதில் மூத்தவராக இருப்பார். அவரிடம் நான் தீர்ப்புச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? 'இரு தரப்பும் சரியே. எது நல்லது என்பது தங்களைப் போன்ற பெரியவர்களுக்குத் தெரியும்' என்று ஆங்கிலத்தில் பணிவாக முடித்தேன். வெளியே வரும்போது பெருமை தாங்கவில்லை.

மற்ற பகுதிகளில் தப்பித்தேன். எழுத்தில் மட்டும் பல்கலைக்கழகம் கேட்ட மதிப்பெண் வரவில்லை. என்ன எழுதினேன் என்று வீட்டில் சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏட்டி, அவிய ஒன் கருத்தக் கேட்டா, நீ அவிய கருத்தக் கேட்டுட்டு வந்திருக்க."

அத்தா சிரிக்கவில்லை. "மாப்பிள்ள வீட்டுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். நீ எனக்குச் சொல்லு. ஒனக்குப் படிக்கப் போகணுமா, வேண்டாமா?"

"ஒரு பக்கம் பாத்தா அவியளும் நல்ல குடும்பம்..." என்று தொடங்கினேன்.

"ரெண்டு பக்கத்தையும் நான் பாத்துட்டேன். நீ கடைசிப் பத்தியச் சொல்லு."

"போகணும் அத்தா."

"பொறவென்ன? இன்னொரு மட்டம் எழுது."

அடுத்த முறை தேறினேன். (மாப்பிள்ளை வீட்டார்தான் பாவம். அவர்களுக்கும் ஏற்கெனவே தலையாட்டி வைத்திருந்தேன்.) இன்றும் துணிக்கடையில் இரண்டு சேலையையும் நான் மாறி மாறிப் புகழ்ந்தால், பின்னாலிருந்து அண்ணன், "கடைசிப் பத்தி" என்பான்.

என் மகள் மட்டும் வேறு மாதிரி. பேச்சு வந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் முதல் வார்த்தையே "வேண்டாம்"தான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அத்தா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ மொத மட்டத்துலயே தேறிருவா."