கைக்கு வராத வீட்டைக் கைமாற்றப் போனவர்

பூட்டுக்காரருக்குத் தன் விரல்களைப் பற்றி இருந்த கர்வத்தை ஊருக்கே பங்கு வைத்தாலும் மிச்சம் இருக்கும். பெட்டிப் பூட்டு, கடைப் பூட்டு, கார்க் கதவு, எதுவானாலும் அவர் தொட்டால் வாயைத் திறந்துவிடும். ஒரே ஒரு வாயை மூட வைக்கத்தான் அவருக்குத் தெரியாது. அந்த வாய் வீட்டில் இருந்தது.

வீடு என்றால் பெரிய வீடா? கடைக்குப் பின்னால் ஒரே அறை. அரம் ராவுகிற சத்தத்தில் தூங்கி, இரும்புத்தூள் மேல் நடந்து, ஜன்னல் இல்லாத மூலையில் கண் எரியச் சமைத்தவள் அவர் மனைவி. ஒரு வழியாக, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை விலைக்கு வாங்க முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். சமையலறையில் பெரிய ஜன்னல். பதிவு அடுத்த மாதம். பெருக்கித் துடைக்கட்டும் என்று வீட்டுக்காரர் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார்.

அதற்குள் பூட்டுக்காரரின் மூளை விழித்துக்கொண்டது.

"இந்தாம்மா, அந்த வீட்டை வித்துடப் போறேன். பேக்கரிக்காரர் நல்ல விலைக்குக் கேக்கிறார்."

"எந்த வீட்டை?"

"நம்ம வீட்டைத்தான்."

"அது எப்போ நம்ம வீடாச்சு? பதிவே ஆகலையே!"

"உனக்குச் சட்டம் தெரியாது. கடைக்கு மாத்துச் சாவி போட வந்த வக்கீலையே கேட்டுட்டேன். ஒப்பந்தத்தை இன்னொருத்தருக்குக் கைமாத்தி விடலாமாம்."

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"'ஆனா'ன்னு ஏதோ இழுத்தார். நான் அரத்தைப் போட்டுட்டேன், காதுல விழல."

"பின்னால இருந்த எனக்கு விழுந்துச்சு. வீட்டுக்காரர் சம்மதிக்கணும். வீடு இன்னும் நம்ம பேர்ல வரலைன்னு வாங்குறவர்கிட்ட சொல்லணும். சொன்னீங்களா?"

"சொன்னா விலையைக் குறைச்சிடுவாரும்மா!"

"அப்போ அதுக்கு விக்கிறதுன்னு பேர் இல்லைங்க. வேற பேரு."

"லாபம்னு பேரு! இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கித் தர்றேன், பாரு."

அவள் அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று மீசையை நீவிக்கொண்டார் பூட்டுக்காரர். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷன் இப்படியா நினைப்பது!

மறுநாள் பேக்கரிக்காரரை அழைத்துக்கொண்டு கம்பீரமாகப் போனால், வாசலில் துடைப்பத்தோடு மனைவி நிற்கிறாள். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புதுப் பூட்டு.

"ஏங்க, திருட்டு பயத்துக்குப் பெரிய கடையில வாங்கி மாட்டினேன். சாவியை எங்கேயோ வெச்சுட்டேன். நீங்க மெனக்கெட வேண்டாம். இதை உங்களாலயும் திறக்க முடியாதாம்."

"என்னாலயுமா? யார் சொன்னது?"

"கடைக்காரர்தான். உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டேன். சிரிச்சார்."

சிரித்தானா! சட்டைப் பையிலிருந்து கம்பி வெளியே வந்தது. பூட்டோடு காதை ஒட்டினார். இந்தப் பக்கம் ஒரு நெம்பு, அந்தப் பக்கம் செல்லமாக ஒரு தட்டு. பேக்கரிக்காரர் ஒரு கொட்டாவி விட்டார். அது முடிவதற்குள் பூட்டு திறந்துவிட்டது.

"எப்படி!" என்றார் பூட்டுக்காரர். நெஞ்சு விம்மியதில் சட்டைப் பொத்தான் தெறிக்காதது அதிசயம்.

"பிரமாதம் அண்ணே…" பேக்கரிக்காரரின் குரல் இறங்கியிருந்தது. "ஆமா, வீடு உங்க பேர்லதானே இருக்கு?"

"அடுத்த மாசம் வந்துடும்."

"அப்போ இப்ப?"

"இப்ப… வீட்டுக்காரர் பேர்ல."

"நீங்க விக்கிறது அவருக்குத் தெரியுமா?"

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுத்தமாக இருந்த வாசலை ரொம்பக் கவனமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தவர் வீட்டைக் கம்பி விட்டுத் திறந்து என் தலையில கட்டப் பாக்குறீங்களே! நாளைக்கு இதையே இன்னொருத்தருக்கும் திறந்து காட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

பேக்கரிக்காரர் தெருமுனையைத் தாண்டியது நடையா ஓட்டமா என்று சொல்வது கஷ்டம்.

மனைவி உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலை அகலத் திறந்தாள். காற்று வந்து அவள் முடியைக் கலைத்தது. பின்னாலேயே வந்தார் பூட்டுக்காரர்.

"என்ன லாவகமாத் திறந்தேன், பாத்தியா?" என்றவர், சற்று யோசித்தார். "ஏய், நீ வேணும்னேதானே இப்படிப் பண்ணே?"

"நான் என்னங்க பண்ணேன்? உங்களால முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். மத்ததெல்லாம் நீங்கதானே பண்ணீங்க!"