பான்ஷி அழுத வீடு

"ஏங்க, எழுந்திருக்காதீங்க! சாகப்போற மனுஷன் உருளைக்கிழங்கு தோண்டப் போனா ஊரு என்ன சொல்லும்?"

மனைவி ஹனோரா அதட்டியதும் ஃபின்டன் கூப்பர் மறுபடி படுத்துக்கொண்டார். உடம்பில் ஒரு வலியும் இல்லை. அதுதான் சிக்கல்.

முந்தின நாள் மாலை அவர் வீட்டு வேலியோரம், சாவை முன்கூட்டியே அழுது சொல்லும் ஆவிப்பெண்ணான பான்ஷி அழுதாள். கிளேர் சீமையில் அவள் எல்லோருக்கும் அழுதுவிட மாட்டாள். பழைய ராஜகுலத்து வீட்டில் சாவு விழப்போகிறது என்றால்தான் வருவாள். அந்தக் குரலுக்குப் பசுக்கள்கூட அசைபோடுவதை நிறுத்தின.

"என்ன குரல் ஹனோரா! பீப்பாய் செஞ்ச வம்சம்னு நம்மளப் பாத்துச் சிரிச்சாங்களே. இப்ப வந்து கேக்கட்டும்!" ஃபின்டனுக்குச் சாவு பயத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

ஹனோரா ஊருக்கே சொல்லிவிட்டாள். ரொட்டி சுட்டாள். சாராயமும் புகையிலையும் வாங்கி வைத்தாள். துக்கத்துக்கு ஜனம் கூடிவிட்டது. ஆள்தான் சாகவில்லை.

டாக்டர் நாடி பார்த்தார். "இவருக்கென்ன? காளை மாதிரி இருக்கார்."

"மெதுவாச் சொல்லுங்க டாக்டர். வெளியே கேட்டுடப் போகுது" என்று பதறினாள் ஹனோரா.

பட்டினி கிடந்தால் காரியம் நடக்கும் என்று ஃபின்டன் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். வருஷக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சல் போய்விட்டது. ஜன்னலைத் திறந்து குளிர்காற்றில் படுத்தார். கன்னம் இரண்டும் ஆப்பிளாகச் சிவந்தன.

பக்கத்துப் பண்ணை மாலக்கி மக்நமாரா கோப்பையும் கையுமாகக் கட்டிலருகே வந்தார். "ராஜகுலத்துல பொறந்த எங்க தாத்தாவுக்கே வராதவ உனக்கு வந்திருக்கா. இன்னும் என்னடா யோசனை? சாராயம் வேற தீரப்போகுது."

"நான் என்ன வேணும்னா உயிரோட இருக்கேன்?"

அப்போது வேலியோரம் மறுபடி அந்த அழுகை எழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெற்ற தாய் அழுவதுபோல ஒரு குரல். கேட்டவர் கண்ணெல்லாம் நிறைந்தது. மாலக்கியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒருத்தி அழுவான்னா இன்னிக்கே சாகலாம்டா" என்றார்.

அழுகை நின்றது. கதவை யாரோ தட்டினார்கள்.

ஹனோரா திறந்தாள். சாம்பல் நிற அங்கி, இடுப்புவரை வெள்ளிமுடி, அழுது சிவந்த கண்கள். வந்தவள் கூட்டத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு கேட்டாள்:

"தப்பா நெனைக்காதம்மா... மாலக்கி மக்நமாரா வீடு இது இல்லையா?"