பத்தொன்பது நிமிடம் நிற்க வைத்ததற்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்க அனுமதி உண்டு என்ற நம்பிக்கையில்),

வணக்கம். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. என் மகள் நான்கு நாட்களாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர, யாவரும் நலம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சென்ற ஞாயிறன்று தாங்கள் குடும்பத்தோடு முதன்முறையாக எங்கள் வீட்டு மணியை அடித்தபோது, முகத்தில் வெள்ளிச் சாயமும் காலில் ஆறு அங்குலக் குதிகால் வைத்த பூட்ஸுமாகக் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றவன் அடியேன்தான். மூளை பிசகியவன் என்று நினைத்திருப்பீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தலைமை எழுத்தராக இருக்கிறேன். இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. ஆகவே நடந்ததை முறைப்படி விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாற்பத்தோரு வருடத்துக்கு முன் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ஒன்பது பாட்டு. கிளாம் ராக் என்று அந்த வகைக்குப் பெயர். அட்டையில் பாடகர் கன்னம் முழுக்க வெள்ளியைப் பூசிக்கொண்டு, பெண்கள்கூடப் போடத் தயங்கும் சட்டையில், 'ஆமாம், நான்தான், அதுக்கென்ன?' என்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது பதினேழு வயது. என்னிடம் இருந்த மூன்று சட்டையும் சாம்பல் நிறம். வகுப்பில் ஆஜர் சொல்லவே எனக்குக் குரல் வராது. அந்த அட்டையைப் பார்த்த அன்றுதான், உயிரோடு இருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. இதை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன், எல்லாம் என் நேரம். நானும், ஞாயிறன்று என்னோடு வேடத்தில் நின்றிருந்த என் பால்ய நண்பர்களான வண்டி பெயின்டரும் நர்ஸம்மாவும் காசு சேர்த்து அதை வாங்கினோம். வருடா வருடம் அது வெளியான தேதியில் மூன்று பேரும் அட்டையில் உள்ளபடியே வேடமிட்டு, நின்றபடி, இரண்டு பக்கமும் கேட்போம். ஒரே ஒரு சட்டம்தான்: முள்ளை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடியும் வரை யாரும் பேசக் கூடாது, உட்காரக் கூடாது, வீடே தீப்பிடித்தாலும் முள்ளைத் தூக்கக் கூடாது.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன நீங்கள் இரண்டரைக்கே வந்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன். என் மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் இரண்டாம் பக்கத்துக்கு முள்ளை வைத்தோம். சட்டம் சட்டம்தானே, அதனால்தான் கையைக் காட்டி உங்களைச் சுவரோரமாக நிற்க வைத்தேன். நீங்களும் பெரிய மனது பண்ணி, பழக்கூடையைக் கையில் பிடித்தபடி, பத்தொன்பது நிமிடம் நின்றீர்கள். ஆறாவது பாட்டில் நர்ஸம்மா வழக்கம்போல அழ ஆரம்பித்ததும், சம்பந்தியம்மா உங்கள் காதில் "யாரோ தவறிட்டாங்க போலிருக்கு, தலையைக் குனிஞ்சுக்குங்க"ன்னு சொன்னது எனக்குக் கேட்டது. வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா பாட்டு ஓடுதே! நீங்க தலையைக் குனிஞ்சு நின்ன அந்த நிமிஷம், சத்தியமா சொல்றேன், என் மனசு குளிர்ந்துபோச்சு. ஆகா, நம்ம சம்பந்திக்கு என்ன ஒரு ரசனைன்னு நினைச்சுட்டேன்.

முள் நின்றதும் நீங்கள் என் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்குங்க, எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதான்" என்றீர்கள். பெயின்டர் இடையில் புகுந்து, "இல்லீங்க, இது வருஷா வருஷம் நடக்கும்" என்றார். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா தண்ணீரைக்கூடத் தொடவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து மரியாதையாகப் பேசலாமென்று உள்ளே ஓடினேன். அங்கேதான் இடி விழுந்தது. முகச்சாயம் தீர்ந்துபோனதால் பெயின்டர் பட்டறையில் சக்கரத்துக்கு அடிக்கிற சாயத்தைக் கலந்து பூசியிருக்கிறார். "மழையில கூடப் போகாதுங்க, நல்ல சாமான்" என்று பெருமை வேறு. நீங்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தபோதும் சக்கரம் மாதிரி மின்னிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினேன். இன்றைக்கும் இடது கன்னத்தில் பாதி இருக்கிறது. அலுவலகத்தில் என் மேசை மேல் இருக்கும் விளக்கை இனிப் போட வேண்டாமென்று பதிவாளர் சொல்லிவிட்டார்.

பெயின்டர் மேல் கோபப்படாதீர்கள். அவர் மனைவி காலமான பத்தாவது நாள் இங்கே வந்தார். முதல் பக்கம் கேட்டு முடித்த பிறகுதான் மனுஷருக்கு அழுகையே வந்தது. அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு, எங்களுக்கே பயமா இருந்துச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனும் என் மகளும் மூன்று வருடமாக ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். என் கூத்தால் அது கெடக் கூடாது. ஆகவே அந்த இசைத்தட்டை அட்டையோடு பொட்டலம் கட்டி இக்கடிதத்துடன் அனுப்புகிறேன். தங்கள் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இனி அதைத் தொட மாட்டேன், வேடம் போட மாட்டேன், கல்யாணத்துக்குச் சாம்பல் நிறச் சட்டையில் வருவேன். தயவுசெய்து சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளை நீண்ட ஆயுளோடு எல்லாச் செல்வமும் பெற்று வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: கோந்து தடவி உறையை ஒட்டுவதற்குள் என் மகள் இதை எடுத்துப் படித்துவிட்டாள். நான்கு நாள் கழித்து வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "நாளைக்கு அவங்க என்கிட்ட, உனக்குப் பிடிச்சதை விட்டுடுன்னு சொன்னா, நானும் இப்படித்தான் பொட்டலம் கட்டிக் கொடுக்கணுமாப்பா?" கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நூலை வெட்டிவிட்டேன். ஆகவே பொட்டலம் வராது. மேலே எழுதியதில் உங்களை நிற்க வைத்ததற்கான மன்னிப்பு மட்டும் செல்லும், மற்றதெல்லாம் ரத்து. நீங்கள் நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி அவளும் யோசிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.