விரிசலை உரிக்க மாட்டேன், மச்சான்

முல்லைக்கொடி நகர்,
பரவைக்கு மேற்கே, மதுரை.
புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான், சாலை ஒப்பந்தக்காரர் திரு. நல்லகாமன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரெங்கம்மாளின் கணவனும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியனுமாகிய அழகுபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெயில் கடுமையாக இருப்பதால் வேலையிடத்தில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லி உங்கள் தங்கை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் கூரியரில் அனுப்பிய கடிதம் வந்தது. பக்கத்துத் தாலுகாவில் இருந்துகொண்டு, நினைத்தால் போனில் திட்டக்கூடிய ஒரு மனிதர், கூரியரில் திட்டுகிறார் என்றால் கோபம் எம்புட்டு என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் தெருவில் நான் ஒட்டிவைத்திருக்கும் விரிசல் படத்தை, வெள்ளிக்கிழமை அதிகாரி சாலையைப் பார்வையிட வருவதற்குள் உரித்துவிட வேண்டும் என்கிறீர்கள். அதோடு தெருக்காரர்கள் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். பொறுமையாக இரண்டு முறை படித்தேன். உரிக்க மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் சாலையில் குறை இருந்து நான் இதைச் செய்யவில்லை. நிறை இருந்துதான் செய்தேன். பதினோரு வருடம் எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடந்தது. எருமைகூட நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த காலை வைக்கும். தை மாதம் நீங்கள் வந்து தார் போட்டீர்கள். கண்ணாடி மாதிரி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாளே திண்டுக்கல் சாலைக்குப் போகிற பைக்குகளும், மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற குட்டியானை வண்டிகளும் எங்கள் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டன. எங்கள் வீட்டுக்கு எதிரே அங்கன்வாடி. பக்கத்து வீட்டுப் பவதாரிணிக்கு நான்கு வயது. எண்ணி எட்டு எட்டு வைத்தால் அங்கன்வாடி வாசல். அந்த எட்டு எட்டில் ஐந்தாவதில் ஒரு பைக் தட்டி, முன்பல் இரண்டு போய், தாடையில் மூன்று தையல். அதன் பிறகு அந்தப் பிள்ளை தினமும் காலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். போ என்றால் தலையை மட்டும் ஆட்டும். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் வரவழைத்தே பிழைத்தவன், மச்சான். ஒரு பிள்ளை போக விரும்பியும் போக முடியாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க என்னால் முடியவில்லை.

வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தேன். அதற்குத் தனி மதிப்பீடு, தனி அனுமதி, தனி ஆண்டு என்றார்கள். உங்களிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஏன் மாப்ள, வழவழன்னு போட்ட ரோட்டுல நானே மேடு வைக்கவா? பட்டுச்சேலை நெஞ்சவனக் கூப்பிட்டு ஒட்டுப் போடச் சொல்ற மாதிரில்ல இருக்கு! பத்து வருசத்துக்கு ஒரு கீறல் விழாது, எழுதி வச்சுக்கங்க." எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அடுத்த தெருவைக் கவனித்தேன். அங்கே இன்னும் சாலை போடவில்லை. எவனும் சொல்லாமலே எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள். ஆக, தேவைப்படுவது மேடு அல்ல, பயம். ஓர் உதாரணம் சொல்கிறேன். தலைமையாசிரியர் வகுப்புக்குள் வரவே வேண்டாம், அவருடைய செருப்பு வாசலில் கிடந்தால் போதும், அறுபது பிள்ளைகளும் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். நான் சாலையில் வைக்க நினைத்தது அந்தச் செருப்பைத்தான்.

கோரிப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ரூபினாவிடம் போனேன். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர் அடிக்கிறவர். நாற்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். "விரிஞ்ச ரோடு ஒண்ணு வேணும்மா, நிஜம் மாதிரி" என்றேன். "ஊர் பூரா கெடக்கு, அதுக்கு ஏன் சார் காசு குடுக்குறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் பதினாறு நாள் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் மவுஸைப் பிடித்து நானே விரிசல் வரைந்தேன். கறுப்பாக ஒரு கோடு, அதற்கு நான்கு கிளை. ரூபினா பார்த்தார். "சார், இது வைகை. இந்தா சுருளியாறு வந்து சேருது. அந்தப் பக்கம் மஞ்சளாறு. ரோட்ட மட்டும் காணோம்." முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் ஆறு வரைந்த கை, மச்சான், எதை வரைந்தாலும் கடலைத் தேடிப் போகிறது. இணையத்தில் தேடி ஏதோ குளிர்நாட்டு விரிசலை இறக்கினோம். அது கழுவித் துடைத்த விரிசலாக இருந்தது. ஒரு வெற்றிலை எச்சில் இல்லை, மிதிபட்ட ஷாம்பு பாக்கெட் இல்லை. பார்க்கிறவன் நம்மூர் என்று நம்புவானா? பிறகுதான் ரூபினா பாடத்தை ஆரம்பித்தார். புதுத் தாரைத் தவிர எந்தத் தாரும் கறுப்பு இல்லை, சாம்பல். அதன் மேல் பொரிப்பொரியாகப் புள்ளி தூவ வேண்டும். விரிசலின் ஓரம் ஒரே கனத்தில் போகக் கூடாது. ஒரு விளிம்பில் நிழலும் எதிர் விளிம்பில் வெளிச்சமும் கொடுத்தால்தான் கண்ணுக்குப் பள்ளம் தெரியும். "சூரியன் எந்தப் பக்கம் சார்?" என்றார். காலை ஒன்பதரை மணி, பிள்ளைகள் கடக்கும் நேரம், கிழக்கே என்றேன். அதனால் எங்கள் விரிசலுக்கு ஒன்பதரை மணி நிழல். சாயங்காலம் பார்த்தால் பள்ளம் மேடு மாதிரித் தெரியும். அதற்கும் பிரேக் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லாம் சரியாக வந்தும் விரிசல் மட்டும் உயிரில்லாமல் இருந்தது. "எங்கயாச்சும் நல்ல விரிசலா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க சார், இது மேல பதிச்சுருவோம்" என்றார். அப்பளத்தை உடைத்து எடுத்தேன், காய்ந்த தோசைமாவை எடுத்தேன், தண்ணீர்த் தொட்டியின் அடியில் படிந்து காய்ந்திருந்த சேற்றை எடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு நாள் மதியம் உங்கள் தங்கை சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் குதிகாலில் விழுந்தது.

மச்சான், இதை நான் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் வந்து குனிந்து நின்று, "எந்தக் கூறுகெட்டவன்யா என் ரோட்டப் பொளந்தது" என்று கத்தினீர்களே, அது உங்கள் தங்கையின் பித்தவெடிப்பு. இடது கால். போட்டோ எடுத்து, நிறத்தை உருவி, கறுப்பை ஏற்றி, முந்நூறு மடங்கு பெரிதாக்கித் தார் மேல் பதித்ததும் ரூபினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அல்லாவே! சார், இது தேசிய நெடுஞ்சாலை!" என்றார். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "பில்லுல என் கடை பேரு வேணாம் சார்" என்றார்.

முதலில் ஃப்ளெக்ஸில் அடித்து விரித்தோம். ஒரு லாரிக் காற்றில் பறந்து போனது. மறுநாள் மார்க்கெட்டில் ஒரு தக்காளி வியாபாரி கூடைக்கு மேல் அதை மூடி வைத்திருந்தார். தக்காளி வாங்க வந்தவர்கள் ஓரமாகவே நின்றார்கள். பிறகு தரையில் ஒட்டுகிற ஸ்டிக்கர், வண்டி வழுக்காமல் மேலே சொரசொரப்புப் பூச்சு, ஏழடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கறிச்சோறு சாப்பிட்டுக் கண் அசந்திருந்த மதியத்தில் நானும் ரூபினாவும் ஒட்டினோம். நாலு மணிக்குப் பால்வண்டிக்காரர் காளை வந்தார். தூரத்திலேயே பிரேக் அடித்து, இறங்கி, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "என்னய்யா இது, தையில போட்ட ரோடு மாசியில வாயப் பொளந்துருச்சு!" ஓரமாக ஒதுக்கி, ஆமை மாதிரி ஊர்ந்து போனார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மச்சான். பன்னிரண்டே நாளில் பவதாரிணி கேட்டை விட்டுவிட்டாள். இப்போது ஒரு கையை உயர்த்தி வண்டியை நிறுத்திவிட்டு, எட்டு எட்டையும் எண்ணிக்கொண்டே கடக்கிறாள்.

உங்கள் தங்கைக்கு உண்மை தெரிந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "என் காலப் போயி நடுரோட்டுல போட்டுட்டீகளே, வண்டி ஏறிப் போகுதே!" என்று ஒரு வேளை சோறு போடவில்லை. சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு பைக், இரண்டு பைக், ஒரு டிராக்டர், எல்லாம் பணிந்து போனது. உள்ளே வந்து, "எங்க வீட்டுல ஒருத்தரும் என் பேச்சுக்கு நின்னதில்ல, என் காலுக்கு நிக்கிறாய்ங்க" என்றாள். அதன் பிறகு தினமும் காலையில் ஸ்டிக்கரைக் கூட்டிச் சுத்தம் செய்வது அவள்தான்.

இனி நீங்கள் வந்த கதை. ஒட்டிய பன்னிரண்டாம் நாள். யாரோ சொல்லி, அதிகாரி காதுக்குப் போவதற்குள் அடைத்துவிடலாம் என்று ஜல்லியும் தாரும் உங்கள் வேலையாள் பேயாண்டியுமாக வந்திறங்கினீர்கள். பேயாண்டி முட்டி போட்டு, கரண்டியை விரிசலுக்குள் விட்டார். போகவில்லை. மறுபடி விட்டார். கரண்டி வழுக்கிக்கொண்டு போனது. தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, விரிசல் இருக்கு, ஓட்டை இல்லண்ணே" என்றார். "என்னடா பேசுற?" "சத்தியமாண்ணே. ஓட்டை இல்லாம எதுலண்ணே தார ஊத்த?" தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் நீங்கள் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். சிரித்தவர்கள் முப்பது பேர், நான் ஒருவன் மட்டும் எப்படிக் கேட்பது?

நாற்பது நாளில் ஒரு வண்டி மோதவில்லை. ஒரு பிள்ளை விழவில்லை. ரூபினாவின் வேலைப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாளாக ஆக அந்தப் படம் இன்னும் நிஜமாகிக்கொண்டே வருகிறது. நடுவில் ஓர் இடத்தில் லேசாகக் கிழிந்து, அதுவே ஒரு நயமாக இருக்கிறது. போன வாரம் காளை, "சார், இப்பல்லாம் மேல ஏறுனா வண்டி லேசாக் குலுங்குற மாதிரியே இருக்கு சார்" என்றார். கண் நம்பிவிட்டால் உடம்பும் நம்பிவிடும் என்று அவருக்கு விளக்கினேன். நல்ல படம் என்றால் அதுதான்.

ஆகவே மச்சான், என் முடிவு இதுதான். நீங்கள் வேகத்தடை போடுங்கள், அன்றைக்கே உரித்துச் சுருட்டி உங்கள் கையில் தருகிறேன். அதுவரை ஒரு மூலையைக்கூட விட மாட்டேன். வெள்ளிக்கிழமை அதிகாரி வரும்போது விரிசலுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜீப்பை ஏற்றுவதானால் என் மேலும் உங்கள் தங்கையின் கால் மேலும்தான் ஏற்ற வேண்டும். சம்பந்தம் முறியும் என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒன்பது முறை முறிந்திருக்கிறது, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

உங்கள் குடும்பமும் தொழிலும் தழைத்து, நீங்கள் போடும் சாலைகளெல்லாம் நீங்கள் சொல்லும் வருடம் வரைக்கும் நிலைத்திருக்க வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. ரெங்கம்மாள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பணியாத, ஆனால் பாசம் குறையாத,
அழகுபாண்டி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை மதியம்):

உறையை ஒட்டி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. நேற்று நீங்கள் உங்கள் தங்கைக்குப் போன் செய்து அழுதீர்களாம். "எங்கண்ணன் அழுதா எனக்குத் தாங்காது, உரிங்க" என்றாள். காலுக்குச் சொந்தக்காரி சொன்ன பிறகு நான் என்ன செய்ய? காலையில் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். நீங்கள் பேயாண்டியை இங்கே நிறுத்திவிட்டு அதிகாரியைக் கூட்டிவர அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில், அவர் வேறு வழியாக ஒன்பதரைக்கே இங்கு வந்துவிட்டார். பேயாண்டியும் நானும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து அவர் கண் முன்னாலேயே உரித்தோம்.

அடியிலும் விரிசல் இருந்தது.

பேயாண்டி அதிகாரியிடம், "ஐயா பயப்படாதீங்க, வாத்தியாரு ரெண்டு படமா ஒட்டிருக்காரு" என்றார். "அப்ப அதையும் உரிய்யா" என்றார் அதிகாரி. பேயாண்டி முட்டி போட்டு நகத்தால் ஓரம் தேடினார். கிடைக்கவில்லை. கரண்டியை விட்டார். இந்த முறை போனது. நிழலும் ஒன்பதரை மணிக்குச் சரியாக விழுந்திருந்தது. ரூபினாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "இதுக்குப் பக்கத்துல நம்மது நிக்காது சார்" என்று பதில் வந்தது. ரெங்கம்மாளுக்குத்தான் வருத்தம், தன் கால் அளவுக்கு நேர்த்தி இல்லை என்கிறாள். வண்டிகள் முன்பைவிட மெதுவாகப் போகின்றன. பவதாரிணி வழக்கம்போல எண்ணிக்கொண்டே கடந்துவிட்டாள்.

எனவே மச்சான், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உங்கள் விரிசலை இத்தனை நாள் என் விரிசலால் மறைத்து வைத்திருந்த குற்றத்துக்குத் தெருக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதிகாரியும் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார். நடந்ததை உங்களிடம் நேரில் சொல்லப் பேயாண்டிக்குத் தயக்கமாக இருக்கிறதாம், அதனால் இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கரண்டி எங்கேயென்று அவரைத் திட்டாதீர்கள். அது உள்ளேதான் இருக்கிறது.