பதினோராம் எண் வலையும் குப்பைத்தொட்டியும்

மேக் கம்ப்யூட்டரில் கோளாறு என்று யாராவது எனக்குப் போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, அப்புறம் எதைத் தொட்டீர்கள்?" என்பதுதான். எதிர்முனையில், "சும்மா ஒரு..." என்று இழுப்பார்கள். எனக்கு அந்தச் "சும்மா ஒரு" போதும். இந்த ஞானம் எனக்குப் புத்தகம் படித்து வந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவு கிராமத்தில், ஊரே கூடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது.

அப்போது ஏரி இறாலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு வெள்ளைக்காரர் பழவேற்காட்டில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பொன்னேரியில் பட்டப்படிப்பு முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு மேக் இருந்தது. சின்னத் திரை, மேலே தூக்கிப் போகக் கைப்பிடி, பார்க்க டிபன் கேரியரின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் அதன் சகல வித்தைகளும் எனக்கு அத்துப்படி. உப்புக் காற்றில் மவுஸ் நகரவில்லை என்றால், அதன் வயிற்றிலுள்ள ரப்பர் உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டுவேன். தகவல் சேர்த்து வைக்கும் பிளாப்பித் தட்டில் உள்ளவை குழம்பிப்போனால், கமாண்ட், ஆப்ஷன் இரண்டு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டே அதைச் செருகுவேன். (வெள்ளைக்காரர் இதைப் பார்த்து ஒருமுறை "வெரி குட்" என்றார். அதற்கப்புறம் நான் தரையில் நடக்கவில்லை.)

எங்கள் ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லா வலைகளும் ஒரே நாளில் இறங்க முடியாது. அதனால் நாளுக்கு ஒரு வலை, முறை வைத்து. யாருக்கு எந்த நாள் என்பதை இறால் காலத்துக்கு முன்பு சீட்டு எழுதிப் பானையில் போட்டு எடுப்பார்கள். மொத்தம் பதினான்கு வலைகள். அமாவாசையை ஒட்டி இறால் ஓட்டம் ஆரம்பித்தால் முதல் இரண்டு, மூன்று நாள் இறங்குகிறவனுக்கு அள்ள அள்ள வரும். வாலில் வருகிறவனுக்கு ஏரித் தண்ணீர்தான் மிச்சம்.

என் நைனாவின் வலை பதினோராம் எண். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவருக்கு வாலைத் தவிர வேறு இடம் விழுந்ததில்லை. அந்த வருஷம் சோற்றைப் பிசைந்தபடி, "ஒரே ஒரு வாட்டி, மொத நாளு வலை வுட்டு பாக்கணும்டா. அப்பால நான் எதியும் கேக்க மாட்டேன்" என்றார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "போன வருசமும் இதான் சொன்ன" என்றாள்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. கூடவே மூளையும் அடைத்திருக்க வேண்டும். மறுநாளே ஊர்த் தலைவர் ஏகாம்பரத்திடம் போய், இந்த வருஷம் சீட்டைக் கம்ப்யூட்டரில் எடுக்கலாம் என்றேன். சீட்டை மடிக்கிறவன் ஓரத்தைக் கசக்கிவிட்டான், பானையில் கை விட்டவன் தடவிப் பார்த்தான் என்று வருஷா வருஷம் நடக்கிற சண்டை இருக்காது. இயந்திரத்துக்கு அண்ணன், தம்பி, மாமன், மச்சான் கிடையாது.

"உன் நைனாவும் கெடையாது இல்ல?" என்று கேட்டார் தலைவர்.

"கெடையவே கெடையாது மாமா" என்றேன். உண்மையும் அதுதான். நைனாவுக்காக நான் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. பானைக்கு அவரைப் பிடிக்கவில்லை, பெட்டிக்காவது பிடிக்கட்டும் என்ற நப்பாசை மட்டும்தான்.

கணக்குப் போடும் கட்டம் கட்டமான தாள் ஒன்று மேக்கில் இருந்தது. அதில் ஒரு சூத்திரம் எழுதினேன். பொத்தானைத் தட்டினால் பதினான்கு எண்களும் கலைந்து புது வரிசையில் வந்து நிற்கும். சீட்டு எடுப்பதற்கு முந்தின நாள் பழவேற்காட்டில் பலமுறை தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிசை. என்ன நேர்மை, என்ன நேர்மை என்று நானே மெச்சிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஏன் மாறுகிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

வெள்ளைக்காரரும் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவின் பழைய புடவையில் மேக்கைச் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் கரண்டில் பல்பே அழுது வடியும் என்பதால், கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் காசிம் பாயை வரவழைத்திருந்தேன். பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். நைனா முதல் வரிசையில், பொங்கலுக்கு எடுத்த சட்டையில் இருந்தார்.

கற்பூரம் ஏற்றினார்கள். (புகை பிளாப்பிக்கு ஆகாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள்.) பொத்தானைத் தட்டினேன். எண்கள் ஓடி நின்றன.

முதல் கட்டத்தில் பதினொன்று.

எங்கள் ஊரில் அப்போது எல்லாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண் தெரியாதவர் கிடையாது. "பதினொன்னு! பதினொன்னு!" என்று கூச்சல். நைனா எழுந்து நின்றார். சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். காசிம் பாய் ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கலாம். ஏரியில் இருந்து ஒரு நாரை பறந்து வந்து என் கண்ணைக் கொத்தியிருக்கலாம். எதுவும் நடக்கவில்லை. பதினொன்று என்று வெறும் எண்ணாக இருக்கிறதே, பக்கத்துக் கட்டத்தில் நைனா பெயரையும் அடித்துவிட்டால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சும்மா ஒரு பெயர். அடித்தேன். ரிட்டர்ன் பொத்தானைத் தட்டினேன்.

எண்கள் மறுபடி ஓடின. அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் முழுக் கணக்கையும் அது முதலிலிருந்து போடும். வந்த விடையை முதலில் கெட்டியாகப் பூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்க வேண்டும். (மேக்கில் கணக்குப் போடும் பெரியவர்களே, இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.) பதினொன்று அடியில் போய் நின்றது. முதல் கட்டத்தில் நான்கு. அதற்குப் பக்கத்தில் என் நைனாவின் பெயர்.

நான்காம் எண் வலைக்காரர் கோவிந்தசாமி எழுந்தார். "இன்னாடா இது? என் வலைக்கு உன் நைனா பேரு போட்டுக்கிற?"

பதறிப்போய்ப் பெயரை அழித்தேன். அழித்தாலும் கணக்குப் போடும். இப்போது ஒன்பது முதலில் வந்தது. ஒன்பதாம் எண்காரர் கை தட்டினார். சரி செய்கிறேன் என்று இன்னொரு பொத்தானைத் தட்டினேன். இரண்டு வந்தது. ஆளுக்கு ஒரு நொடி முதல் பாடு கிடைத்தது. அறையில் யாரும் யாரையும் உட்கார விடவில்லை.

கோவிந்தசாமி திரையைக் காட்டி, "எட்த்த சீட்ட மறுபடியும் மறுபடியும் பானையில போட்டுக்கினே கீதுபா இந்தப் பொட்டி! சீட்டுன்னா எட்த்தா எட்த்ததுதான?" என்றார். அதற்கு மேல் துல்லியமாக அந்தக் கோளாறை இன்றுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

தலைவர் கை உயர்த்தினார். "ஒர்த்தரும் பேசாதீங்க. டேய், எல்லாம் அந்தத் தட்டுலதான கீது? அத்த வெளிய எடு. அம்மன் கோயில்ல வச்சிப் பூட்டுவோம். அப்பால பேசிக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. பிளாப்பியை எடுப்பதில் நான் கில்லாடி. பழைய மேக்கில் பிளாப்பியை வெளியே தள்ளப் பொத்தான் கிடையாது. அதன் படத்தை மவுஸால் இழுத்துக்கொண்டு போய், திரையின் மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தில் போட வேண்டும். போட்டால் எதுவும் அழியாது, பிளாப்பி மரியாதையாக வெளியே வரும். விஷயம் தெரிந்தவர்கள் செய்கிற முறை இதுதான். நானும் ஊர் பார்க்க, நிதானமாக, எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்படி மெதுவாகவே இழுத்துப் போனேன்.

மூடி போட்ட அந்தத் தொட்டியின் படத்தைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை.

"அய்யய்யோ, ஊரு பாட்ட குப்பையில போட்றான்!" என்று ஜன்னலில் இருந்து ஒரு குரல் வந்தது. அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பெஞ்சு மேல் ஏறினேன். "குப்பைன்னா குப்பை இல்ல!" என்று கத்தினேன். என்னை அடிக்க வந்தவர்களை நைனா இரண்டு கையையும் விரித்து மறித்தார். மேக்கை அடிக்க வந்தவர்களைக் காசிம் பாய் மறித்தார். "பொட்டி இன்னாபா செய்யும்? பையன வேணா வச்சிக்குங்க" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

அரை மணியில் பானை வந்தது. சீட்டு மடித்தார்கள், எடுத்தார்கள். கோவிந்தசாமிக்கு முதல் நாள். நைனாவுக்குப் பதிமூன்று. "கடைசி இல்ல பாரு" என்றாள் அம்மா. வீட்டுக்கு நடக்கும்போது நைனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரிப் பக்கம் பார்த்தபடி, "கொஞ்ச நேரம் இருந்துச்சி இல்ல?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன்.

பிறகு சென்னையில் எனக்கு மேக் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. அனுப்பம்பட்டில் பெண்ணும் பார்த்தார்கள். எங்கள் வீட்டார் என்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. "பையன் தங்கம். ஆனா எது ஒயுங்கா கீதோ அத்தத் தொடுவான்" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். என் மனைவி இன்றும் விருந்தாளிகளுக்குக் காபியோடு இந்தக் கதையையும் கொடுக்கிறாள்.

அவள் சொல்வதைச் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவாள். மூன்று முடிச்சும் போட்டாயிற்று, மேளம் கொட்டியாயிற்று. முடிச்சு சற்றுக் கோணலாக இருப்பதாக எனக்குப் பட்டது. சும்மா ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம் என்று கையை நீட்டினேன். படத்தில் நைனா பின்னாலிருந்து எட்டி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறார். பார்க்கிறவர்கள் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைக்கிறார்கள்.